இலக்கமில்லாத வீடு

எங்கள் வீட்டுக்கு இலக்கம் கிடையாது, பெயர் மட்டும்தான். 'பேர் ட்ரீ கொட்டேஜ்' என்று கறுப்புத் தகட்டில் வெள்ளை எழுத்து, வாசற்கதவின் பக்கத்தில். 'பேர்' என்பது இங்கே பேரிக்காய். வளவில் பேரி மரம் எதுவும் இல்லை. எங்களுக்கு விற்றவர் 1968இல் வாங்கி வந்தபோதும் இருக்கவில்லையாம். வூஸ்டர்ஷயரின் இலச்சினையில் கறுப்புப் பேரிக்காய் உண்டு. அந்த அபிமானத்தில் எவரோ எப்போதோ வைத்த பெயராக இருக்கலாம். அல்லது மரம் உண்மையாகவே நின்று பட்டுப்போயிருக்கலாம். பொருள் கொண்டுவரும் வான்காரர்கள் முதல்முறை தவறாமல் வழிதவறுவார்கள். தபாற்குறியீட்டை நம்பினால் அது அவர்களை முக்கால் மைல் தள்ளி ஓர் ஆட்டுப்பட்டி வாசலில் கொண்டுபோய் நிறுத்தும். தேவாலயத்தைத் தாண்டி, சிவப்பு ரெலிபோன் பெட்டியடியில் இடப்பக்கம் திரும்பி, ஒழுங்கை முடியுமட்டும் வரவும் என்று ஊர்க்காரர்களைப் போலவே நானும் சொல்லப் பழகிவிட்டேன்.

இலக்கமில்லாத வீடு எனக்குப் புதிதல்ல. வலிகாமம் வடக்கில், பலாலி விமானத்தளத்துக்கு அருகே இருந்த எங்கள் வீட்டுக்கும் இலக்கம் இருந்ததாக நினைவில்லை. காணிக்குப் பெயர் இருந்தது: இலுப்பையடி வளவு. அங்கேயும் இலுப்பை மரம் நிற்கவில்லை. அப்பாவுக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் பெயரையும் ஊரையும் எழுதி 'பிள்ளையார் கோயிலடி' என்று போட்டால் போதும், வந்துவிடும். 1990 ஜூனில் அந்த ஊரிலிருந்து எல்லாரும் வெளியேறினோம். கோயிலடி என்று சொல்வதற்கு அதன் பிறகு அங்கே ஆள் இல்லை.

இந்தக் கட்டுரையை நான் இங்கிலாந்தில் வீடு வாங்குவதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். லண்டனிலும் கனடாவிலும் இருக்கிற நண்பர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி அது. நகரத்தை விட்டு ஒரு குக்கிராமத்தில் எப்படி, ஏன், என்ன துணிச்சலில் வாங்கினாய் என்று. அதைச் சொல்லத் தொடங்கினால் மற்றக் காணியும் கூடவே வந்து நிற்கிறது. தவிர்க்க முடியவில்லை.

லண்டன் ஹரோவில் பதினைந்து வருடங்கள் வாடகை வீடுகளில் இருந்தோம். 2012இல் மனைவிக்கு வூஸ்டர் நகர வைத்தியசாலை ஒன்றின் ஆய்வுகூடத்தில் வேலை கிடைத்தது. எனக்குக் கணக்கெழுதும் தொழில், எங்கும் செய்யலாம். அம்மாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டோம். நண்பர்கள் கேட்டவை இரண்டே கேள்விகள். அங்கே கறிவேப்பிலை கிடைக்குமா? கோயிலுக்கு எங்கே போவீர்கள்? கறிவேப்பிலை பெர்மிங்காமில் கிடைத்தது. அரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூடுதலான பயணம். கோயிலும் அந்தப் பக்கத்தில்தான். ஹரோவிலிருந்து விம்பிள்டன் பிள்ளையாரிடம் போக எடுத்த நேரத்தைவிட அதிகமில்லை என்று அம்மாவே சொன்னார்.

முதலில் ஒரு வீட்டை விலை பேசி இழந்தோம். 2014 கோடைகாலம். நாங்கள் சொன்ன விலைக்கு விற்கிறவர் சம்மதித்தார், கைகுலுக்கினார், தோட்டத்துத் தக்காளி இரண்டு கிலோவும் தந்தார். அளவையாளர் வந்து வீட்டைப் பரிசோதித்தார்; சொலிசிட்டர் தேடுதல்களைத் தொடங்கினார்; ஆயிரத்து நானூறு பவுண் போனது. ஏழாவது வாரம் ஏஜென்ட் ரெலிபோனில் வந்து, வேறொருவர் பத்தாயிரம் கூடத் தருகிறார், நீங்கள் அதற்கு மேல் வருவீர்களா என்று கேட்டார். வானிலை சொல்கிற குரல். இதற்கு ஆங்கிலத்தில் 'கசம்பிங்' என்று ஒரு சொல்லே இருக்கிறது. ஒரு குற்றத்துக்குத் தனிச் சொல் இருந்தால் அது குற்றமாக இருப்பது நின்றுபோகிறது போலும்.

சட்டம் இடம் கொடுக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் காணி விற்பனை பற்றிய வாய்ப்பேச்சு யாரையும் கட்டாது. 1989ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லா நிபந்தனைகளும் எழுத்தில் வந்து இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும்; நடைமுறையில் கையெழுத்திட்ட பிரதிகளை இரு பக்கத்து வழக்கறிஞர்களும் பரிமாறிக்கொள்ளும் கணம்வரை யாரும் எழுந்து போகலாம். அந்தக் கணம் வர இரண்டு மூன்று மாதங்கள், சில வேளை ஆறு மாதங்கள் ஆகும். ஸ்கொட்லாந்தில் வேறு முறை. சட்டத்தரணிகளின் கடிதங்கள் முடிந்தால் பேச்சும் முடிந்தது. காணி விற்பனை எழுத்தில் இருக்கவேண்டும் என்ற யோசனையின் வேர் 1677ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டம் ஒன்றில் இருக்கிறது. அதையே பிரித்தானியர் 1840இல் இலங்கைக்குக் கொண்டுவந்து, நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் இல்லாமல் காணி கைமாறாது என்று ஆக்கினார்கள். எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் இருந்த உறுதி அந்தச் சட்டத்தின் பிள்ளை. இது எனக்கு நெடுங்காலம் தெரியாது. ஆயிரத்து நானூறு பவுணை இழந்த கோபத்தில் வாசித்துத் தெரிந்துகொண்டேன்.

தக்காளி கதையை அம்மாவிடம் சொன்னபோது அவருக்கு விளங்கவில்லை. "ஊரிலை ஒருத்தன் காணி விக்கிறதெண்டால் பங்காளிக்கெல்லோ முதல் சொல்லவேணும்" என்றார். ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த தேசவழமையில் அந்த வழக்கம் எழுதப்பட்டிருக்கிறது. விற்க நினைப்பவர் உரித்தாளிக்கும் பங்காளிக்கும் முதலில் அறிவிக்க வேண்டும். அவர்கள் வேண்டாம் என்றால்தான் வெளியாளுக்கு. அதனால் எத்தனை வழக்கு, எத்தனை வெட்டுக்குத்து என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே அதை ஒரு பொற்காலமாகச் சொல்ல நான் தயாரில்லை.

இரண்டாவதாகப் பார்த்ததுதான் பேர் ட்ரீ கொட்டேஜ். வூஸ்டரிலிருந்து மேற்கே, டீம் ஆறு செவர்ன் ஆற்றோடு கலக்க வருகிற பக்கம். ஊரைத் தாண்டிய மேட்டில் நின்றால் மால்வேர்ன் குன்றுகள் யானைகள் படுத்திருப்பதுபோல் தெரியும். நூற்றிருபது வீடுகள், ஒரு தேவாலயம், ஒரு பப், ஒரு சிறிய மண்டபம். கடை இல்லை. அரை நகரம், அரைக் கிராமம் என்று சொல்லக்கூடிய இடம். காலையில் பாதிப்பேர் கார் எடுத்துக்கொண்டு வூஸ்டருக்கும் பெர்மிங்காமுக்கும் வேலைக்குப் போய்விடுவார்கள், மீதிப்பேர் நாயைக் கூட்டிக்கொண்டு நடப்பார்கள்.

விற்றவர் எண்பத்தொரு வயது விதவை. கணவர் இறந்து மகள் வீட்டுக்கு அருகே சிறிய குடியிருப்புக்குப் போகிற எண்ணம். ஏஜென்ட் எங்களைச் சுற்றிக் காட்டும்போது அவர் குசினியிலேயே இருந்தார். நாங்கள் புறப்படும்போது வெளியே வந்து இரண்டு கேள்விகள் கேட்டார். நாய் இருக்கிறதா? வீட்டின் பெயரை மாற்றுவீர்களா? இரண்டுக்கும் இல்லை என்றோம். முதலாவது பதில் அவருக்கு ஏமாற்றம் என்று முகம் சொல்லியது.

விலை இரண்டு இலட்சத்து எண்பத்தையாயிரம் பவுண். அன்றைய வீதப்படி முத்திரை வரி நாலாயிரத்து இருநூற்றைம்பது. லண்டன் விலைகளைப் பார்த்துப் பார்த்து மரத்துப்போன கண்ணுக்கு இது மலிவாகத் தெரிந்தது; உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியையாக இருக்கிற ஒரு பெண்ணுக்கு இது எட்டாத தொகை என்பது பின்னால்தான் உறைத்தது. விற்பவர் வாங்கவிருந்த வீட்டின் சொந்தக்காரர் இன்னொன்றை வாங்க வேண்டும், அதன் சொந்தக்காரர் மற்றொன்றை. 'செயின்' என்கிறார்கள். சங்கிலியின் எந்தக் கண்ணி அறுந்தாலும் எல்லாரும் நிற்க வேண்டியதுதான். எங்களதில் நான்கு வீடுகள். நடுவில் ஒருவருடைய வங்கிக் கடன் நழுவி இரண்டு மாதங்கள் எல்லாம் உறைந்துபோயின. அந்த இடைவெளியில் எங்களைவிட எண்ணாயிரம் கூடத் தர ஒருவர் வந்ததாகவும் மூதாட்டி மறுத்துவிட்டதாகவும் கேள்விப்பட்டோம். அதை நெடுநாள் அன்பு என்று நினைத்து நெகிழ்ந்துகொண்டிருந்தேன். பிறகு ஏஜென்ட் ஒருநாள் பப்பில் வைத்துச் சொன்னார், வந்தவருக்கு விற்க வேண்டிய வீடு ஒன்று இருந்தது, எங்களுக்கு எதுவும் இருக்கவில்லை, சங்கிலியில் ஒரு கண்ணி குறைவு என்பதுதான் காரணம் என்று. இருக்கலாம். ஆனாலும் நத்தாருக்கு அவருக்கு அட்டை அனுப்புவதை நான் நிறுத்தவில்லை.

தேடுதல்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காணிமேல் என்னென்ன கடன்கள், பாத்தியதைகள், பழைய சாபங்கள் இருக்கின்றன என்று சொலிசிட்டர் ஒவ்வொரு அலுவலகமாகக் கேட்டு எழுதுவார். வெள்ளத் தேடுதல் வந்தபோதுதான் பயந்தோம். 2007 ஜூலையில் செவர்ன் பெருகி, டூக்ஸ்பரித் தேவாலயம் தண்ணீர் நடுவே தீவாக நின்ற விமானப் படத்தை உலகமே பார்த்தது. குளோஸ்டர்ஷயரில் நீர் சுத்திகரிப்பு நிலையம் ஒன்று மூழ்கி மூன்றரை இலட்சம் பேருக்குக் குழாய்த் தண்ணீர் இல்லாமற் போனது. எங்கள் வீடு மேட்டில். ஒழுங்கையின் அடிதான் பள்ளம். விற்பவர் நிரப்ப வேண்டிய படிவத்தில் வெள்ளம் பற்றிய கேள்விக்கு மூதாட்டி 'வீட்டுக்குள் இல்லை, ஒழுங்கையில் வாத்து வரும்' என்று கையால் எழுதியிருந்தார். அயலவரோடு தகராறு உண்டா என்ற கேள்விக்கு: 'ஒன்று. 1983. வேலி பற்றி. அவர் இறந்துவிட்டார்.'

அடுத்தது தேவாலயத் திருத்தப் பொறுப்பு. கேட்டபோது சிரிப்பு வந்தது. சில திருச்சபைப் பங்குகளில், பழங்காலத்தில் தேவாலயத்துக்கு உரிய வருமானம் இருந்த நிலங்களை இன்று வைத்திருப்பவர்கள், அவர்கள் எந்த மதத்தவராயினும், தேவாலயத்தின் கிழக்குப் பகுதியின் கூரையையும் சுவரையும் திருத்தப் பணம் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள். பக்கத்து வொரிக்ஷயரில் ஆஸ்டன் கான்ட்லோ என்ற ஊரில் ஒரு பண்ணையின் சொந்தக்காரத் தம்பதியிடம் அப்படிக் கேட்டார்கள், அவர்கள் வழக்காடினார்கள், பிரபுக்கள் சபை 2003இல் தேவாலயத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. திருத்தச் செலவும் வழக்குச் செலவுமாகப் பல இலட்சம். ஷேக்ஸ்பியரின் பெற்றோர் திருமணம் செய்த தேவாலயம் அது என்று ஊர் வழக்கு உண்டு. 2013 ஒக்டோபருக்குப் பிறகு இந்தப் பொறுப்பைப் பதிவு செய்யாவிட்டால் புதிதாக வாங்குகிறவரைக் கட்டாது என்று ஆகிவிட்டது. ஆனால் எங்கள் வீடு அதுவரை பதிவேட்டில் ஏறாத வீடு. ஆகவே தேடினார்கள். ஒன்றும் இல்லை. இருந்தும் சில பத்துப் பவுண்களுக்கு ஒரு காப்புறுதியை எடுக்கச் சொன்னார் சொலிசிட்டர்.

அம்மாவுக்கு விளக்கினேன். "கோயில் திருப்பணிக்குத்தானே. குடுத்தால் என்ன?" என்றார். எங்கள் ஊர்ப் பிள்ளையாருக்கு இலுப்பையடி வளவின் பேரில் ஒருநாள் திருவிழா உபயம் இருந்தது. காணியோடு வந்த கடமை, அதற்குக் காப்புறுதி எடுக்கலாம் என்பது அவருக்குக் கொஞ்சம் அசிங்கமாகப் பட்டது. இங்கே வந்த பிறகு தேவாலயக் கூரைக்கு ஈயத்தகடு போடக் காசு சேர்த்தபோது அவர் தன் ஓய்வூதியத்திலிருந்து இருபது பவுணைக் கடித உறையில் போட்டு என்னிடம் தந்தார்.

பதிவேட்டில் ஏறாத வீடு என்றேன். இங்கிலாந்தின் காணிப் பதிவகம் 1862இல் தொடங்கியது. ஆனால் காணி விற்கப்படும்போது கட்டாயம் பதிய வேண்டும் என்ற விதி ஒவ்வொரு பகுதியாகத்தான் பரவி, 1990 டிசம்பரில் நாடு முழுவதற்கும் வந்தது. மூதாட்டியும் கணவரும் 1968இல் வாங்கியவர்கள், அதன்பின் கைமாறவில்லை. எனவே அவர்களிடம் பழைய உறுதிகளின் கட்டு ஒன்று இருந்தது. 2015 நவம்பரில் வாங்கி முடித்தோம். எங்கள் பெயரில் முதன்முதலாகப் பதிவாயிற்று. பதிவு முடிந்ததும் சொலிசிட்டர் அனுப்பியது மின்னஞ்சலில் மூன்று பக்கங்கள், சிவப்புக் கோட்டால் எல்லை காட்டிய ஒரு வரைபடம். அந்தக் கோடும் பொதுவான எல்லைதானாம். வேலியின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று அதை வைத்துச் சண்டை பிடிக்க முடியாது.

அம்மா வந்த நாளிலிருந்து ஒரே கேள்விதான். "தம்பி, உறுதி எங்கை?"

உறுதி இல்லை அம்மா, கணினியில் இருக்கிறது என்றேன். முன்னர் காணிச் சான்றிதழ் என்று ஒரு கடதாசி கொடுத்தார்கள், 2003க்குப் பிறகு அதுவும் இல்லை. மின்னஞ்சலை அச்செடுத்துக் கொடுத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முத்திரை இல்லை, சாட்சிக் கையெழுத்து இல்லை, நொத்தாரிசின் பெயர் இல்லை. யார் பேரில் என்றார். எங்கள் இருவர் பேரிலும் என்றேன். "வீடு பெட்டையின்ரை பேரிலைதான் இருக்கவேணும்" என்று சொல்லிவிட்டு அச்செடுத்த தாளை எனக்கே திருப்பித் தந்தார்.

அவர் அப்படிக் கேட்பதற்குக் காரணம் இருந்தது. இலுப்பையடி வளவு அம்மாவின் சீதனம். 1961இல் முடித்த சீதன உறுதி. 1990இல் ஷெல் விழத் தொடங்கிய பின்னேரம், அப்பா சைக்கிளில் அரிசி மூட்டையைக் கட்டிக்கொண்டிருக்க, அம்மா உள்ளே ஓடி எடுத்துவந்தவை தாலிக்கொடி, எங்களுடைய பிறப்பத்தாட்சிகள், உறுதி. மானிப்பாய், சாவகச்சேரி, வன்னி, கொழும்பு, ஹரோ. ஒரு பிஸ்கட் தகரத்திலிருந்து இன்னொரு தகரத்துக்கு மாறி உறுதி எங்களோடு வந்தது. காணிக்குள் யாரும் கால் வைக்க முடியாது. உயர் பாதுகாப்பு வலயம். இருபத்தெட்டு வருடங்கள் அம்மாவிடம் காணி இல்லாத உறுதி இருந்தது. மகனோ உறுதி இல்லாத காணியை வாங்கிவிட்டு வந்து நிற்கிறான்.

மூன்று மாதம் கழித்துத் தபாலில் ஒரு கனத்த பொதி வந்தது. சொலிசிட்டரின் கடிதம்: பழைய ஆவணங்கள் இணைக்கப்பட்டுள்ளன, இனி இவற்றுக்குச் சட்டத் தேவை இல்லை, வைத்திருக்கலாம் அல்லது அப்புறப்படுத்தலாம். திறந்தால் பதினொரு உறுதிகள். பதியாத காணியை விற்க, குறைந்தது பதினைந்து வருடப் பழமையான ஓர் ஆவணத்திலிருந்து உரிமையைக் காட்டினால் போதும். ஆனால் ஒவ்வொரு சொந்தக்காரரும் தமக்குக் கிடைத்ததையெல்லாம் சேர்த்தே அடுத்தவரிடம் கொடுத்திருந்தார்கள். ஆகப் பழையது 1847. செம்மறித் தோலில் எழுதியது. மேல் விளிம்பு அலையலையாக வெட்டப்பட்டிருந்தது. ஒரே தோலில் இரண்டு பிரதி எழுதி வளைத்து வெட்டிய காலத்தின் மிச்சம், பொருத்திப் பார்த்தால் போலி தெரியுமாம். அடியில் சிவப்பு மெழுகு முத்திரை, நுனி உடைந்து.

அம்மாவை மேசையில் இருத்தி வாசித்தேன். கையெழுத்து விளங்க ஒரு பின்னேரம் போனது. இன்ன பெயருடைய வயல், இத்தனை ஏக்கர். வடக்கே ஒரு விதவையின் அனுபவத்தில் உள்ள நிலம், கிழக்கே வண்டிப்பாதை, தெற்கே தேவாலயத்துக்கு உரிய பழத்தோட்டம். அம்மா இடைமறித்தார். எழுந்து போய்த் தன் தகரத்தை எடுத்துவந்து உறுதியைப் பிரித்தார். வாசிக்கத் தேவையில்லை, மனப்பாடம். "இலுப்பையடி வளவு என்னும் காணி பரப்பு நாலு, இதற்கு எல்லை கிழக்கு ஒழுங்கை, வடக்கு வள்ளிப்பிள்ளை பெண் நாகலிங்கம்…" எங்களுடைய வடக்கிலும் ஒரு விதவைதான் இருந்தாவாம். இங்கே எங்களுக்கு மிஞ்சியிருக்கும் நிலமும் கால் ஏக்கர், அம்மாவின் கணக்கில் நாலு பரப்பு. அவர் அதையும் கணக்குப் பார்த்துச் சரி என்றார். பதினொரு உறுதிகளும் அன்றிரவு அவருடைய சூட்கேசுக்குள் போயின.

ஊரில் வாழ்வது பற்றிச் சொல்ல அதிகமில்லை. பழகினால் எல்லாம் சாதாரணம். எரிவாயுக் குழாய் கிடையாது, சூடாக்க எண்ணெய். ஊர்க்காரர் சேர்ந்து ஒன்றாக வாங்கினால் மலிவு. பொதுக் கழிவுநீர்க் குழாய் கிடையாது, எங்களுக்கும் அயல் வீட்டுக்கும் பொதுவான ஒரு மலக்குழி அவர்களுடைய புல்தரையின் கீழ் இருக்கிறது. அதில் எங்களுக்கு அரைப் பங்கு என்று பதிவேட்டில் எழுதியிருக்கிறது. யாழ்ப்பாணத்து உறுதிகளில் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் பாத்தியதையும் வரும். மலக்குழிப் பங்கு எழுதிய உறுதியை நான் இங்கேதான் கண்டேன். வருடத்துக்கு ஒருமுறை லொறி வந்து உறிஞ்சிப் போகும் நாளில் அயலவரும் நானும் மரியாதைக்காக வெளியே நின்று கதைப்போம். எங்கள் நட்பு அப்படி உண்டானது.

வேலி ஓரமாக ஒரு பொது நடைபாதை போகிறது. முன்பின் தெரியாதவர்கள் எங்கள் தக்காளிக் கன்றுகளுக்கு மூன்று அடி தள்ளி நடந்துபோகலாம், தடுக்க எனக்கு உரிமை இல்லை. வந்த புதிதில் அம்மா பயந்து யன்னல் சீலையை இழுத்து மூடுவார். கிடுகு வேலிக்குள் வாழ்ந்தவர். இரண்டாம் வருடம் அவர் கதிரையை அந்தப் பக்கமே போட்டு உட்காரத் தொடங்கினார். போகிறவர்கள் வானிலை சொல்வார்கள், இவர் "யெஸ் யெஸ்" என்பார். ரெலிபோன் பெட்டியை ஊர்ச்சபை ஒரு பவுணுக்கு எடுத்து உள்ளே புத்தக அலமாரி வைத்திருக்கிறது. பரீட்சார்த்தமாக ஒரு தமிழ் நாவலை அதில் வைத்தேன். மூன்று மாதம் அப்படியே கிடந்தது. நான்காம் மாதம் காணவில்லை. எடுத்தவரை இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

2016 கடைசியில் தேவாலயத்துக்கு எதிரே இருந்த வயலில் முப்பத்தெட்டு வீடுகள் கட்ட ஒரு கம்பனி விண்ணப்பித்தது. ஊர் கொதித்தது. மண்டபத்தில் கூட்டம், அத்தனை பேரை நான் அங்கே ஒன்றாகக் கண்டதில்லை. ஒழுங்கை தாங்காது, வெள்ளம் கூடும், பள்ளிக்கூடத்தில் இடமில்லை, ஊரின் தன்மை கெடும். முதல் மூன்றும் நியாயமான கவலைகள். நான்காவதைச் சொன்னவர், வெளியாட்கள் வந்து நிறைந்துவிடுவார்கள் என்றார். சொல்லி முடித்ததும் என் பக்கம் திரும்பி, உங்களைச் சொல்லவில்லை என்றார். நல்ல மனிதர், எங்கள் கூரை ஓட்டை மாற்ற ஏணி தந்தவர். உண்மையாகவே என்னைச் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். மனுவை நீட்டினார்கள். நான் கையெழுத்து வைத்தேன்.

ஏன் வைத்தேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். வயலுக்கு அப்பால் தெரிகிற குன்றுகளை இழக்க மனமில்லை என்பது பாதிக் காரணம். மறுத்தால் என்ன நினைப்பார்கள் என்பது மீதி. வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "நீ வந்து ஒரு வருசம்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

கவுன்சில் மறுத்தது, கம்பனி மேன்முறையீடு செய்தது. 2012இல் வந்த தேசியத் திட்டக் கொள்கைப்படி ஐந்து வருடத்துக்குப் போதுமான வீட்டு நிலம் தம்மிடம் இருக்கிறது என்று ஒரு கவுன்சிலால் காட்ட முடியாவிட்டால் கட்டுவோர் பக்கம் தராசு சாயும். சாய்ந்தது. வீடுகள் எழுந்தன. 2020 பெப்ரவரியில் டெனிஸ் புயலின்போது எங்கள் ஒழுங்கையின் அடி இரண்டு நாள் தண்ணீரில் கிடந்தது. அது புதிய வீடுகளாலா, வழமையான வாத்துத் தண்ணீரா என்று ஊரில் இன்னும் விவாதம். புதிய வீடுகளில் ஒன்றுக்குக் கோட்டயத்திலிருந்து வந்த தாதி ஒருவரும் கணவரும் குடிவந்தார்கள். அம்மாவுக்கு மலையாளம் விளங்காது. அவர்களுக்கு எங்கள் தமிழ் பாதி விளங்கும். கறிவேப்பிலைக்காக யாரும் இப்போது பெர்மிங்காம் போவதில்லை. அவர்களுடைய குளியலறை யன்னலில் ஒரு சாடியில் வளர்கிறது. என் கையெழுத்தைப் பற்றி நான் அவர்களிடம் சொன்னதில்லை.

2018இல் எங்கள் பக்கத்துக் காணிகள் சில விடுவிக்கப்பட்டன. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். வீடு இல்லை. மதில், வேலி, ஒழுங்கை எதுவும் இல்லை, ஆளுயரப் பற்றை. நில அளவையாளர் ஒருவர் பழைய வரைபடத்தோடு வந்தார். தூர்ந்துபோன ஒரு கிணற்றின் கட்டைக் கண்டுபிடித்து அதிலிருந்து நாலு பக்கமும் சங்கிலி பிடித்தார். வடக்கு எல்லையில் கல் நட்டபோது அம்மா உறுதியை எடுத்து, வள்ளிப்பிள்ளை பெண் நாகலிங்கம் என்று உரத்து வாசித்தார். கேட்க அந்தப் பக்கத்திலிருந்து ஒருவரும் வந்திருக்கவில்லை. அளவையாளர் தலையாட்டினார்.

அம்மா 2022 மார்ச்சில் காலமானார். நடைபாதையால் போகிறவர்கள் சிலர் அந்தக் கதிரையில் பூ வைத்துவிட்டுப் போனார்கள். ரொறன்ரோவில் இருக்கிற தங்கைக்கு இலுப்பையடி வளவை விற்றுவிட வேண்டும் என்று எண்ணம். அவளுக்குக் கடன் இருக்கிறது, குறை சொல்ல முடியாது. பங்காளி என்ற முறையில் என்னிடம் முதலில் கேட்கிறாள். இன்னும் பதில் சொல்லவில்லை. போன மாதம் ரெலிபோன் எடுத்து, முடிவை ஆறுதலாகச் சொல், இப்போதைக்கு உறுதி இலக்கத்தையாவது பார்த்துச் சொல், யாழ்ப்பாணத்தில் சட்டத்தரணி கேட்கிறார் என்றாள்.

மாடிக்குப் போய்ச் சூட்கேசைத் திறந்தேன். பிஸ்கட் தகரத்துக்குள் உறுதி இல்லை. பதற்றத்தில் எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டினேன். 1847ஆம் ஆண்டுத் தோலுறுதி மற்றவற்றைவிடத் தடித்துத் தெரிந்தது. அம்மா தன்னுடையதை நாலாக மடித்து அதற்குள் வைத்து, பழைய சேலைக் கரை ஒன்றால் சுற்றிக் கட்டியிருந்தார். தோல் கனமானது, கடதாசி நைந்துபோகாது என்று நினைத்திருப்பார். முடிச்சை அவிழ்க்க எனக்கு மனம் வரவில்லை. நுனியை மட்டும் மெல்ல நீக்கி, உள்ளே தெரிந்த இலக்கத்தை வாசித்து, தங்கைக்குச் சொன்னேன்.